சுருமா எரியும் நேரம்

ஊர்ப் பொது அடுப்பில் பூரானின் மாவு முதலில் போவதைப் பார்க்கும்போதெல்லாம் கௌஹருக்கு வயிறு எரியும். அடுப்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே எரியும்.

போன வருஷம்வரை இதே பூரான் வரிசையின் வாலில் நின்றவள். இரண்டு பேரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள். கௌஹர் மூத்தவள், பூரான் இளையவள். வந்த நாளிலிருந்து "சரிக்கா", "ஆகட்டும்கா" என்பதைத் தாண்டி எதுவும் பேசத் தெரியாத வாயில்லாப் பூச்சி. அவளுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்! இன்று அவள் தலை தெரிந்தாலே பெண்கள் விலகி வழி விடுகிறார்கள். ஒருத்தி ஓடிவந்து மாவுத் தட்டை இறக்கி வைக்கிறாள். இன்னொருத்தி அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். அவளோ கண் நிறையச் சுருமா தீட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், ரொட்டியை அடுப்பின் உள்சுவரில் அறைந்து ஒட்டுகிறாள். கௌஹரின் மாவு தட்டிலேயே கிடந்து புளிக்கிறது.

எல்லாம் அவள் மகன் சுர்காபால் வந்த மரியாதை. மலைமேல் கோட்டை இருந்தது; கோட்டைக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி படை இல்லை. எதிரியான சுல்தானிடம் இருந்தது. அது அறுப்புக் காலத்தில் பள்ளத்தாக்குக்குள் இறங்கி, கோதுமையைக் கொளுத்தி, அக்ரூட் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுப் போகும். அதற்குக் கோட்டை கண்ட வழிதான் ஃபிதாயிகள்: உயிரைக் காணிக்கையாகத் தருகிறேன் என்று சத்தியம் செய்த இளவட்டங்கள். வேஷம் மாறி எதிரியின் ஊருக்குள் போவார்கள். குதிரைக்காரனாகவோ சமையல்காரனாகவோ மாதக்கணக்கில் இருப்பார்கள். ஒருநாள் பட்டப்பகலில், கூட்டத்தின் நடுவில், படையை ஏவியவனைக் கத்தியால் முடித்துவிட்டு அங்கேயே நிற்பார்கள். ஓடக் கூடாது. திரும்பி வருகிற வழியை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை.

அப்படிப் போனவன் முடிந்தான் என்று செய்தி வந்தால் அம்மாக்காரி அழக் கூடாது. அது கல்யாணத்தைப் போல. சிவப்புத் துணி உடுத்தி, அல்வா கிண்டி ஊருக்குக் கொடுக்க வேண்டும். கண்ணில் சுருமா தீட்டிக்கொள்ள வேண்டும். அவளுக்கு முன்னால் அந்தப் பெருமையை அடைந்தவள் வந்து தீட்டிவிடுவாள். மை வைத்த கண் அழுதால் கன்னத்தில் கறுப்பாய் வழிந்து ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும், அதற்குத்தான் அந்த ஏற்பாடு. கோட்டை சொன்ன வேலையை மகன் முடிக்காமல் உயிரோடு திரும்பினாலோ, அவள் தலைமுடியை வெட்டி, முகத்தில் கரி பூசிக்கொள்ள வேண்டும். அப்படி ஒருத்தியை கௌஹர் பார்த்ததில்லை. திரும்பி வந்தவர்கள் யாரும் இல்லை.

மூன்று நாள் சுருமா போதும் என்பதுதான் வழக்கம். சுர்காப் முடிந்த செய்தி வந்து மாதக்கணக்காகியும் பூரான் விடுகிற வழியாக இல்லை. தினமும் காலையில் தீட்டிக்கொண்டு வந்து நின்றாள். அதைத்தான் கௌஹரால் தாங்க முடியவில்லை.

"பாத்தீங்களா உங்க தம்பி பொண்டாட்டிய? இன்னிக்கும் மை! மினுக்கிக்கிட்டு வர்றா, புதுப்பொண்ணு தோத்துப் போவா."

கௌஹரின் புருஷன் லஷ்கரி ஆட்டின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. "அவ கண்ணு, அவ மை. உனக்கு எங்கடி வலிக்குது?"

"எனக்கென்ன வலி? ஊர்ல நியாயம்னு ஒண்ணு இல்லையான்னு கேக்குறேன்."

"உனக்கு மைதான் வேணும்னா சொல்லு. கஸ்வீன் பட்டணத்து வியாபாரி வரட்டும், இந்தக் கிடாய வித்து ஒரு சிமிழ் வாங்கித் தர்றேன்."

"கடைல வாங்குற மைக்கும் அந்த மைக்கும் வித்தியாசம் தெரியாத மனுசனுக்கு வாக்கப்பட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

"வித்தியாசம் எனக்குத் தெரியும்டி," என்றான் லஷ்கரி. "உனக்குத்தான் இன்னும் தெரியல."

அந்தப் பேச்செல்லாம் அவள் காதில் ஏறவில்லை. அவள் கணக்கு வேறு. சுர்காபும் அவள் மகன் மாகானும் ஒரே பனிக்காலத்தில் பிறந்தவர்கள். முதலில் நடந்தது மாகான். முதலில் பேசியது மாகான். உயரம், நிறம், குரல், எதில் குறைச்சல்? சுர்காப் பத்து வயதுவரை மூக்கொழுகிக்கொண்டு திரிந்த பயல். "உம் புள்ளைக்கு மூக்கத் தொடைச்சு விடுடி" என்று கௌஹர் சொல்ல, "சரிக்கா" என்று முந்தானையால் துடைத்தவள்தான் பூரான். அந்த மூக்கொழுகி போய் ஊருக்குத் திலகமாகிவிட்டான். மாகானோ ஆட்டின் பின்னால் பாடிக்கொண்டு திரிந்தான். கிடைத்த இடத்தில் உட்கார்ந்து தயிர் குடித்தான்.

அன்றைக்கு கௌஹரின் முறை வருவதற்குள் அடுப்பில் சூடு தணிந்துவிட்டது. ரொட்டி ஒட்டாமல் சாம்பலில் விழுந்தது. "அவங்களுக்கு அப்புறம்தானேக்கா நமக்கு, பெரிய இடமாச்சே" என்று எவளோ கிண்டலாகச் சொல்ல, பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். வேகாத மாவோடு கௌஹர் வீடு திரும்பினாள். முசுக்கொட்டை மரத்தடியில் மாகான் காலை நீட்டிக்கொண்டு தயிர்ச் சட்டியை விரலால் வழித்துக்கொண்டிருந்தான்.

"குடி, நல்லாக் குடி. உன் சித்தி மகன் ஊருக்கே பேரு வாங்கிக் குடுத்துட்டான். நீ சட்டிய நக்கிக்கிட்டுக் கெட."

"ஏம்மா, அடுப்புல என்ன ஆச்சு?"

"என்ன ஆகணும்? அவ பெத்தது ஆம்பளை. நான் பெத்தது ஆட்டுக்குட்டி. வேற ஒண்ணும் ஆகல."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாளா என்றால், இல்லை. சொன்னது சுகமாகத்தான் இருந்தது. மாகான் எழுந்துபோய்ச் சட்டியைக் கழுவி, குப்புறக் கவிழ்த்து வைத்தான். மறுநாள் காலையில் ஆடுகள் பட்டியிலேயே கத்திக்கொண்டிருந்தன. மலைப் பாதையில் பாதி தூரம் அவன் ஏறிப்போய்விட்டான் என்று விறகுக்காரன் வந்து சொன்னான்.

லஷ்கரி செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினான். கௌஹர் வாசலில் நின்றாள். அவள் மனசில் இரண்டு எண்ணம் வந்தது. ஒன்று, ஐயோ என் பிள்ளை. இன்னொன்று, பூரானுக்கு இது தெரிந்திருக்குமா? பாவி மனசு, இரண்டாவதுதான் முதலில் வந்தது.

லஷ்கரி தனியாகத் திரும்பினான். "சத்தியம் பண்ணிட்டானாம். அவனா வந்து கேட்டான்னு சொல்றாங்க." பிறகு அவன் பனிக்காலம் முழுக்க அவளிடம் வேறு எதுவும் பேசவில்லை.

முசுக்கொட்டை பழுத்து உதிர்கிற சமயத்தில் கோட்டையிலிருந்து ஷாபூர் குதிரையில் வந்தார். இந்தச் செய்திகளைக் கொண்டுவருகிற பெரியவர் அவர்தான். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குதிரையை விட்டு இறங்கி, நின்றுதான் பேசுவார்.

"ஹமதான்ல வேலை முடிஞ்சதும்மா. போன வருஷம் நம்ம வயலைக் கொளுத்தினவன் இனி வரமாட்டான். போன மூணு பேரும் அங்கேயே நின்னாங்க. மூணு பேரையும் கூட்டம் அடிச்சுப் போட்டுடுச்சு. ஒருத்தரும் ஓடல. உங்களுக்கு வாழ்த்து."

லஷ்கரி ஆட்டுப் பட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பெண்கள் வந்து குவிந்தார்கள். யாரோ மாவு வறுத்தார்கள், யாரோ திராட்சைப் பாகு காய்ச்சினார்கள், அல்வா மணம் வீடு முழுக்க ஏறியது. கௌஹருக்குச் சிவப்புத் துணியைச் சுற்றிவிட்டார்கள். குலவை கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் கண் ஒரே ஒரு முகத்தைத் தேடியது. அதில் பொறாமை தெரிய வேண்டும். ஒரு துளியாவது தெரிய வேண்டும். அதைப் பார்த்துவிட்டால் இந்த நெஞ்சு வலி கொஞ்சம் குறையும் என்று அவளுக்குத் தோன்றியது.

பூரான் சிமிழை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"நிமிருங்கக்கா," என்று தாடையைப் பிடித்தாள். மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குச்சியைச் சுருமாவில் தோய்த்தபடியே, உதடு அசையாமல் பேசினாள். "இதுல கற்பூரம் கெடக்கு. போட்ட ஒடனே கண்ணு எரியும், தண்ணி கொட்டும். யாருக்கும் கொட்டும், அதனால யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அந்த நேரத்துக்குள்ள அழுது முடிச்சிருங்க. அப்புறம் தொடைச்சிட்டு மறுபடி தீட்டி விடுறேன்."

கௌஹர் அவளை வெறித்துப் பார்த்தாள்.

"தினம் போடலாம்க்கா," என்றாள் பூரான். "மை போடக் கூடாதுன்னு யாரும் சொல்லல."

குச்சி கண்ணுக்குள் இழுபட்டது. நெருப்பு. ஒரு வருஷமாக மினுக்கி, மினுக்கி என்று அவள் திட்டிய மை இதுதானா? கேட்பதற்குள் கண் கொட்டத் தொடங்கிவிட்டது. "எரியுதா? மொதல்ல அப்படித்தான் எரியும்" என்று பெண்கள் சிரித்தார்கள். கௌஹர் தலையை ஆட்டிக்கொண்டே அழுதாள். மாகான் பிறந்ததிலிருந்து நேற்றுவரை இருந்ததையெல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அழுதுவிட வேண்டியிருந்தது.

அதன்பிறகு அடுப்பில் கௌஹரின் மாவு முதலில் போனது. பூரானின் மாவு இரண்டாவது. கேட்டது கிடைத்துவிட்டது, இல்லையா? ரொட்டி நன்றாக உப்பி வந்தது. தின்ன வீட்டில் ஆள் இல்லை. லஷ்கரி ஆட்டோடு மலைக்குப் போனால் இருட்டித்தான் வருவான். கௌஹர் தினமும் சுருமா போட்டாள். "இவளும் ஆரம்பிச்சிட்டாடி மினுக்க" என்று முதுகுக்குப் பின்னால் ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்துத் திட்டக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

பொறாமையும் விட்டபாடில்லை, அது இடம் மாறிக்கொண்டது. மகனின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறவளைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வந்தது. "சோத்துக்கு மட்டும் வந்துருவான் கடன்காரன்" என்று புலம்புகிறவளைப் பார்த்தால் அறையலாம் போலிருந்தது.

கோதுமை மஞ்சளாகத் தொடங்கியிருந்த ஒரு காலைநேரம். கௌஹர் ரொட்டியைக் கையில் விரித்து அடுப்புக்குள் குனிந்திருந்தாள். பின்னால் பேச்சு நின்றுபோனது. யாரோ "அல்லாஹ்!" என்றார்கள். நிமிர்ந்தாள். வாய்க்கால் ஓரமாக, ஒரு கோலை ஊன்றிக்கொண்டு, எலும்பும் தோலுமாக ஒருவன் வந்துகொண்டிருந்தான். நடையைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ரொட்டி கைநழுவி நெருப்பில் விழுந்து புகைந்தது.

"அம்மா," என்றான் மாகான்.

அவள் ஓடிப்போய் முதலில் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகுதான் கட்டிக்கொண்டாள். "எங்கடா இருந்த? எங்கடா போய்த் தொலைஞ்ச?"

"தயிரும்மா."

"என்னது?"

"ஹமதான்ல தயிர் நல்லாருந்துச்சு. வேலைக்கு மொத நாள் ராத்திரி கொஞ்சம் அதிகமாக் குடிச்சிட்டேன், கெட்டுப் போயிருந்துச்சு போல. வயித்துப்போக்கு, காய்ச்சல், எழுந்திரிக்கவே முடியல. நீ படுத்துக்கெடன்னு சொல்லிட்டு அவங்க ரெண்டு பேரும் போயிட்டாங்க." அவன் தரையைப் பார்த்தான். "கூட்டம் மூணாவது ஆளத் தேடிருக்கு. அந்தப் பக்கமா வந்த பஞ்சு கொட்டுறவன் ஒருத்தனப் புடிச்சு அடிச்சுக் கொன்னுட்டாங்க. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நான்னு நெனச்சுட்டாங்கம்மா."

"அவனுக்கு அம்மா இருக்காளா?" என்று கேட்டது பூரான். அடுப்படியிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றிருந்தாள்.

"இருக்காங்க சித்தி. தெருவெல்லாம் கேக்குற மாதிரி அழுதாங்க. நான் படுத்திருந்த எடம் வரைக்கும் கேட்டுச்சு."

"நல்லா அழுதாளா?" என்றாள் பூரான். அந்தக் குரலில் இருந்த ஏக்கத்தைக் கேட்டு கௌஹர் அவள் பக்கம் திரும்பினாள்.

மற்றவர்கள் அதற்குள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். வேலையை முடிக்காமல் வந்தவன். முடி. கரி. ஒருத்தருக்கும் அதை முதலில் சொல்ல வாய் வரவில்லை. எல்லோர் கண்ணும் கௌஹரின் தலைமேலேயே இருந்தது.

செய்தி மேலே போய், பிற்பகலில் ஷாபூரே இறங்கி வந்தார். ஊர் முழுக்க அடுப்படியில் கூடியிருந்தது. லஷ்கரி மகன் பக்கத்தில், அவன் தோளைப் பிடித்த பிடியை விடாமல் நின்றான். ஷாபூர் மாகானை ஏற இறங்கப் பார்த்தார். நாடி பிடித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"பயப்படாதீங்கம்மா. பையன் ஓடி வரல. நோவுல விழுந்திருக்கான், அது ஆண்டவன் செயல். முடியும் வெட்ட வேண்டாம், கரியும் பூச வேண்டாம். உங்க கண்ணுல வெச்ச சுருமா அப்படியே இருக்கட்டும், அடுப்புல உங்க எடமும் அப்படியே இருக்கட்டும். அறுப்பு முடிஞ்சதும் இன்னொரு கூட்டம் கெளம்புது. உடம்பு தேறட்டும், அதுல அனுப்பி வெச்சிடலாம். சத்தியம் சத்தியமாவே இருக்கட்டும்."

கூட்டம் பெருமூச்சு விட்டது. "பெரிய மனசு", "மானம் பொழச்சது" என்று பேச்சு எழுந்தது. மாகான் தலையைக் குனிந்தான். "சரிங்க" என்று சொல்ல வாயெடுத்தான்.

"அவன் சரின்னுதான் சொல்லுவான். அவன் பேச்ச யாரு கேட்டா?" என்றாள் கௌஹர்.

அடுப்படிக்குப் போய்க் குனிந்தாள். இரண்டு கையும் நிறையக் கரியை அள்ளினாள். நெற்றியில் ஆரம்பித்து, கன்னம், மூக்கு, கழுத்து என்று அப்பிக்கொண்டாள். காலையில் போட்ட சுருமா அந்தக் கரியில் எங்கே போனது என்றே தெரியவில்லை.

"அம்மா, வேண்டாம்னுதானே சொன்னேன்," என்றார் ஷாபூர்.

"நீங்க பெரிய மனுசர், பெருந்தன்மையாச் சொல்லிட்டீங்க. பெத்தவளுக்குத்தான் தெரியும் உண்மை." அவள் குரல் ஊரின் கடைசி வீடுவரை கேட்டிருக்கும். "நோவாவது ஒண்ணாவது! எம் புள்ளை கோழைங்க. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். கோழி அறுக்கச் சொன்னா கண்ண மூடிக்குவான். பயந்தா அவனுக்கு வயித்தால போகும். மறுபடி அனுப்புங்க, மறுபடி போகும். அவனால கூட இருக்குற ரெண்டு பேரும் மாட்டிக்குவாங்க. ஊருக்குப் பெருமைன்னு நீங்க அனுப்பி, சந்தி சிரிச்சா எனக்கென்ன, கோட்டைக்குத்தான் கேவலம்!"

"அம்மா!" என்றான் மாகான்.

"வாய மூடுடா, ஆட்டுக்குட்டி."

தன் மகன் முதலில் நடந்தான், முதலில் பேசினான் என்று இருபது வருஷம் எல்லோர் காதையும் அறுத்தவள், அவன் உதவாக்கரை என்று நடுத்தெருவில் நின்று கூவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வசவையும் பரிசு வாங்குகிறவள் மாதிரி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். லஷ்கரி மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மாகான் மலை ஏறிய நாளுக்குப் பிறகு அன்றுதான் அவன் அவளை நேராகப் பார்த்தான்.

"ஆமாங்க," என்றான் அவனும். "அவ சொல்றது நெசம். என் பட்டியில ஓநாய் வந்தா மொதல்ல ஓடுறது அவன்தான்."

ஷாபூர் கௌஹரையும் லஷ்கரியையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்பது அவருக்குத்தான் வெளிச்சம். "பெத்தவங்களே இப்படிச் சொல்லும்போது நான் என்ன பண்றது?" என்றார் கடைசியில். "இவன் கோட்டைக்கு வேண்டாம். சத்தியத்திலேர்ந்து விட்டாச்சு. வழக்கம் என்னவோ அதைச் செய்ங்க." குதிரையில் ஏறிப் போய்விட்டார்.

கௌஹர் கல்மேல் உட்கார்ந்து முக்காட்டை உருவினாள். "கத்திரிய எடுத்துட்டு வாடி பூரான். தீட்டினவதான் வெட்டணும்."

பூரான் ஆட்டுமயிர் கத்தரிக்கிற பெரிய கத்திரியோடு வந்தாள். பெண்கள் பழிப்புக் காட்ட வேண்டும், அதுவும் வழக்கம். இரண்டு பேர் காறித் துப்பினார்கள், ஒருத்தி "இனிமே உன் மாவு கடைசி" என்றாள். "கடைசியாவே இருக்கட்டும்டி ஆத்தா" என்றாள் கௌஹர். முடி கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. எதிரே லஷ்கரி கொடுத்த ரொட்டியை மாகான் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். அவள் அவன் தாடை அசைவதையே பார்த்தாள்.

கத்திரி நின்றுவிட்டது. கௌஹர் அண்ணாந்து பார்த்தாள்.

பூரானும் மாகான் தின்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கௌஹரைப் பார்த்தாள். பாதி வெட்டிய தலையை, கரி அப்பிய முகத்தைப் பார்த்தாள். கௌஹருக்கு அந்தப் பார்வை தெரியும். நன்றாகத் தெரியும். ஒரு வருஷம் முழுக்க இதே அடுப்படியில் அதே பார்வையோடு நின்றவள் அவள்தானே. எத்தனை நாள் அதை இந்த முகத்தில் பார்த்துவிட வேண்டும் என்று தவம் கிடந்தாள்! இப்போது அது வந்துவிட்டது. அதைப் பார்க்கத்தான் அவளுக்குத் தெம்பில்லை.

பூரானின் கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியது. பிறகு இன்னொன்று. காலையில் போட்ட சுருமா எரிகிற நேரம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது. பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னடி, மை இன்னுமா எரியுது?" என்று கௌஹர் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கக் கேட்டாள். "நீ போடுறதுல கற்பூரம் அதிகம்னு அன்னைக்கே சொன்னேன்ல."

"ஆமாக்கா," என்றாள் பூரான். "எரியுதுக்கா. ரொம்ப எரியுது."

கத்திரியைக் கீழே போட்டுவிட்டு, கௌஹரின் அரைகுறைத் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தெருவெல்லாம் கேட்கிற மாதிரி அழுதாள்.